சிறகு பெற்ற ராக்கெட்

குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய ஊர்களை அடுத்துள்ள சிறு குன்றுகளின்மேல், முற்பகல் வெயில் ஏறும் வேளையில், பருந்துகள் வட்டமிடுவதைக் காணலாம். அவை ஓயாமல் சிறகடிப்பதில்லை. விரித்த சிறகை விரித்தவாறே வைத்துக்கொண்டு, வெப்பத்தால் மேலெழும் காற்றின்மீது சாய்ந்து, அமைதியாக மிதக்கின்றன. இறங்க வேண்டுமாயின் அவை விழுவதில்லை. காற்றில் வழுக்கிக்கொண்டு, தாம் விரும்பிய இடத்தில் வந்து அமர்கின்றன.

தீபாவளி இரவில் நாம் கொளுத்தும் ராக்கெட் வாணமோ இதற்கு நேர்மாறானது. அது சீறிக்கொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் பனைமர உயரத்தைத் தாண்டிவிடும். ஆனால், மருந்து தீர்ந்தபின் அதன் நிலை யாது? கரிந்த குச்சியாகி, எவர் வீட்டுக் கூரைமீதோ விழும். ஏறுவதற்கு வேண்டிய வலிமை அதனிடம் உண்டு. இறங்குவதற்கு வேண்டிய அறிவு இல்லை.

வாணத்தின் வலிமையையும் பருந்தின் நிதானத்தையும் ஒரே பொருளில் சேர்த்து வைக்க இயலுமா? இயலும். அவ்வாறு சேர்த்து வைத்த கருவியே ராக்கெட் கிளைடர் எனப்படுவது. கிளைடர் என்பது எஞ்சினின் உதவியின்றிக் காற்றில் சறுக்கி இறங்கும் விமானம். ராக்கெட்டாக மேலேறிக் கிளைடராகக் கீழிறங்குவது ராக்கெட் கிளைடர். மெல்லிய மரத்தால் இதனைச் சிறிய அளவில் செய்து பார்க்கும் முறையையும், அச்சிறு பொம்மையில் அடங்கிய பெரிய உண்மையையும் இப்பாடத்தில் காண்போம்.

பறக்கும் கலைக்கும் சென்னையின் தென்புறத்து ஊர்களுக்கும் உள்ள உறவு நெடுநாளையது. 1910ஆம் ஆண்டிலேயே, சென்னையில் உணவு விடுதி நடத்திவந்த தாஞ்செலிஸ் என்னும் ஐரோப்பியர், தாமே வரைந்த படத்தின்படி ஒரு விமானத்தைச் சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு செய்வித்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து அப்போது ஏழு ஆண்டுகள்கூட நிரம்பவில்லை. இன்று திரிசூலம் ரயில் நிலையத்தில் நிற்போர் எதிரே மீனம்பாக்கம் விமான நிலையத்தைக் காண்கின்றனர். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் உள்ளது. விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கே அங்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. இரண்டிற்கும் இடையே குரோம்பேட்டையில், சி. இராஜம் என்னும் வள்ளல் 1949ஆம் ஆண்டில் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி விளங்குகிறது. எம்.ஐ.டி. என மக்கள் வழங்கும் அக்கல்லூரியைப் பின்னர் மீண்டும் காண்போம்.

இத்தகைய ஊர்களுள் ஒன்றாகிய சேலையூரில் வாழும் அண்ணனும் தம்பியுமாகிய இருவர், ராக்கெட் கிளைடர் செய்வதற்குரிய உறுப்புகள் அடங்கிய பெட்டி ஒன்றைப் பெற்றனர் எனக் கொள்வோம். பெட்டியைத் திறந்ததும் தம்பிக்குப் பெரும் ஏமாற்றம். உள்ளே விமானம் இல்லை! சில மெல்லிய மரத்தகடுகள், ஒரு காகிதக் குழல், கூம்பு வடிவான மூக்கு, சில ரப்பர் வளையங்கள், மடித்து வைத்த ஒரு வரைபடம் ஆகியவையே இருந்தன. ஆனால், மரத்தகட்டைக் கையில் எடுத்த கணமே அவன் வியப்புற்றான். அது மரம் போலத் தோன்றியது. எடையோ காகிதம் போல இருந்தது.

அதுவே பால்சா மரம். தென்னமெரிக்காவில் உள்ள எக்குவடார் நாட்டிலிருந்து இது மிகுதியாக வருகிறது. விரைந்து வளரும் இம்மரம் சில ஆண்டுகளிலேயே வெட்டுவதற்குப் பக்குவமாகிவிடும். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1000 கிலோகிராம். அதே அளவுள்ள தேக்கின் எடை ஏறத்தாழ 650 கிலோகிராம். உலர்ந்த பால்சாவின் எடையோ பெரும்பாலும் 160 கிலோகிராம் அளவே. எனினும், எடைக்கு ஏற்ற வலிமையில் அது பல மரங்களுக்கு இளைத்ததன்று. பால்சா என்னும் ஸ்பானிய மொழிச் சொல்லுக்குத் தெப்பம் என்பது பொருள். நம் கடற்கரையில் செம்படவர் இலேசான மரங்களைப் பிணைத்துக் கட்டுமரம் ஆக்கியது போலவே, அந்நாட்டார் இம்மரங்களைப் பிணைத்துக் கடலிற் சென்றனர். 1947ஆம் ஆண்டில் தோர் ஹேயர்டால் என்னும் நார்வே நாட்டறிஞர், தோழர் ஐவருடன் பால்சாத் தெப்பம் ஒன்றில் ஏறிப் பசிபிக் பெருங்கடலை 101 நாட்களில் கடந்தார். இரண்டாம் உலகப்போரில் பறந்த மஸ்கிட்டோ என்னும் விமானத்தின் உடலும் ஒட்டுப்பலகைகளுக்கு இடையே பால்சாவை வைத்துச் செய்யப்பட்டதே. நீரில் மிதந்த மரம் காற்றிலும் மிதக்கக் கற்றுக்கொண்டது!

இனி, கட்டும் முறையைக் காண்போம். அண்ணன் முதலில் வரைபடத்தைச் சமமான பலகைமேல் விரித்து, அதன்மீது மெழுகுத்தாளைப் பரப்பினான். பிசின் சிந்தி, உறுப்புகள் வரைபடத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு இது வழி. பின்னர் மரத்தின் நாரோட்டத்தைப் பார்த்தான். இறக்கையின் நீளவாட்டில் நார் ஓடுமாறு வெட்டினால் இறக்கை எளிதில் முறியாது. குறுக்கே ஓடுமாறு வெட்டினால் பப்படம் போல் ஒடிந்துவிடும். கூரிய பிளேடால் ஒரே அழுத்தில் வெட்டாமல், மெல்ல மெல்லப் பலமுறை கீறி எடுக்க வேண்டும். வெட்டியபின் உப்புத்தாளால் தேய்த்து, இறக்கையின் முன்விளிம்பை உருண்டையாகவும் பின்விளிம்பை மெலிந்ததாகவும் ஆக்க வேண்டும்.

ஒட்டும் வேலையிலேதான் பொறுமை மிகுதியும் வேண்டும். இரண்டு இறக்கைகளின் நுனிகளும் சற்றே மேல்நோக்கி இருக்குமாறு ஒட்டுவர். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால், அது தானே நிமிர்வதற்கு இவ்வமைப்பு உதவும். இரு நுனிகளும் ஒரே அளவு உயர்ந்துள்ளனவா என்று அளவுகோல் கொண்டு பார்த்தல் வேண்டும். செங்குத்தான வால் நேராக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தல் வேண்டும். பிசினை மிகுதியாகப் பூசினால் பிடிப்பு மிகும் என்று எண்ணுவது பிழை. தேவைக்கு மேற்பட்ட பிசின் வெறும் சுமையே ஆகும். மழைக்காலத்து ஈரக்காற்றில் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும் ஆதலால், ஒட்டிய உறுப்புகளைச் சமமான பலகையில் பாரம் வைத்து, ஓர் இரவு முழுதும் உலரவிடுதல் நன்று.

“அண்ணா, இப்பொழுதே பறக்கவிடலாமே!” என்றான் தம்பி.

“பொறு, தம்பி. அது பறக்குமா என்பதை முதலில் நம் விரல்களே சொல்லும்” என்றான் அண்ணன்.

அவன் இறக்கைகளின் அடியில் இரண்டு விரல்நுனிகளைக் கொடுத்துக் கிளைடரைத் தாங்கினான். எந்த இடத்தில் தாங்கினால் அது முன்னும் பின்னும் சாயாமல் நிற்கிறதோ, அந்த இடமே அதன் ஈர்ப்பு மையம். இறக்கையின் அகலத்தில், முன்விளிம்பிலிருந்து கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு தொலைவிற்குள் அது இருத்தல் பெரும்பாலும் ஏற்றது. அவர்களுடைய கிளைடர் பின்பக்கம் சாய்ந்தது. மூக்கின் உள்ளே சிறிது களிமண் வைத்ததும் சமனாயிற்று.

மறுநாள் விடியற்காலையில் இருவரும் பள்ளி மைதானத்திற்குச் சென்றனர். அந்நேரத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. சென்னையில் பகல் ஏறியதும் கடற்காற்று வீசத் தொடங்கும். காற்று ஓய்ந்திருக்கும் காலையே சோதனைக்கு உரியது. புல் அடர்ந்த இடத்தில் நின்று, மூக்கைச் சிறிது கீழ்நோக்கிப் பிடித்து, வீசாமல் மெதுவாக முன்னே தள்ளினான் அண்ணன். முதல்முறை அது தலைகுப்புறப் பாய்ந்தது. மூக்குப் பாரம் மிகுதி என்று அறிந்து, மிளகளவு களிமண்ணை எடுத்தான். அடுத்த முறை சற்றே மேலேறித் தயங்கி நின்று, பின் பொத்தென்று விழுந்தது. எடுத்தது மிகுதி என்று அறிந்து, அதில் பாதியைத் திரும்ப வைத்தான். ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்தான். இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்தால், நன்மை எதனால் விளைந்தது, தீமை எதனால் விளைந்தது என்பது தெரியாமற் போகும் அன்றோ? ஏழாம் முறை, கிளைடர் அவன் கையை விட்டு நீங்கி, நூல் பிடித்தாற்போல் சென்று, புல்லின்மேல் வயிறு படிய இறங்கியது. தம்பி துள்ளிக் குதித்தான்.

அடுத்து நிகழ்ந்ததே இப்பாடத்தின் உயிரான பகுதி. அண்ணன் தண்ணீர் குடிக்கச் சென்ற நேரத்தில், தம்பி ரப்பர்க் கயிற்றை எடுத்து, உண்டிவில்லில் கல்லை வைத்து இழுப்பது போலக் கிளைடரை வைத்து, வலிமை முழுவதும் கூட்டி இழுத்து விட்டான். மெல்லத் தள்ளியபோது அழகாகச் சென்ற அதே கிளைடர், இப்போது செங்குத்தாக எழுந்து, மல்லாந்து, முழு வட்டம் அடித்து, தரையில் மோதியது. இடப்பக்க இறக்கை இரண்டாக முறிந்தது. மூன்று நாள் உழைப்பு ஒரு நொடியில் பாழாயிற்று. தம்பியின் கண்களில் நீர் ததும்பியது.

அண்ணன் வந்து பார்த்தான். அவன் சினந்துகொள்ளவில்லை. “தம்பி, நீ செய்தது அவசரம், ஆனால், நீ கண்டது ஓர் உண்மை. நன்றாகச் சென்ற விமானம் ஏன் குட்டிக்கரணம் அடித்தது என்று எண்ணிப் பார்” என்றான்.

அதன் காரணம் இதுவே. இறக்கையை மேலே தூக்கும் விசை, வேகத்தின் இருபடிக்கு ஏற்ப வளரும். வேகம் இருமடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். மெதுவாகச் செல்லும்போது தன் எடையைத் தாங்கும் அளவிற்கு அமைக்கப்பட்ட விமானம், மிகுந்த வேகத்தில் செலுத்தப்பட்டால், அவ்விசை தேவைக்கு மேற்படவே, மூக்கை மேலும் மேலும் தூக்கி வட்டமடிக்கிறது. ரப்பர்க் கயிற்றின் வேகத்திற்கே இந்நிலை என்றால், ராக்கெட்டின் வேகத்திற்கு என்ன ஆகும்?

ராக்கெட் கிளைடரை அமைப்போர் தீர்க்க வேண்டிய சிக்கல் இதுவே. ஏறும்போது அது அம்பாக இருக்க வேண்டும். இறங்கும்போது பருந்தாக இருக்க வேண்டும். ஒரே உடல் இரண்டு இயல்புகளையும் எவ்வாறு பெறும்? இதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றுள் எளிய ஒன்றைக் காண்போம். வாலின் பின்விளிம்பில் அசையக்கூடிய மடல் ஒன்றை அமைப்பர். அம்மடலை ஒரு நூல் சமமாக இழுத்துப் பிடித்திருக்கும். அப்போது இறக்கைகளில் தூக்கும் விசை ஏறக்குறைய இல்லை. கருவி அம்பு போல் நேரே ஏறும். எஞ்சின் என்பது விரல் பருமனுள்ள காகிதக் குழலில் அடைத்த மருந்தே. அது ஓரிரு நொடிகளில் எரிந்து தீரும். அதன்பின் மெல்லப் புகையும் மருந்து ஒன்று சில நொடிகளைப் போக்க, கருவி உச்சியை அடையும் வேளையில் சுடுவாயு வெளிப்பட்டு நூலை எரித்து அறுக்கும். உடனே ரப்பர் வளையம் மடலைச் சிறிது மேலே இழுக்கும். மேலெழுந்த மடல் வாலைக் கீழே அழுத்தும், மூக்கு நிமிரும், இறக்கை காற்றைத் தாங்கும். ஒரு நூல் அறுந்த அளவில் அம்பு பருந்தாகிவிடுகிறது!

எஞ்சினைத் தனியே கழற்றிவிட்டு, இறக்கையுள்ள பகுதி மட்டும் சறுக்கி வருமாறு செய்வதும் உண்டு. எதனையும் கழற்றாமல் முழு உருவாக மீள்வதே ராக்கெட் கிளைடரின் சிறப்பு.

இங்கு மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ராக்கெட் மருந்தை வீட்டில் கலக்க முற்படுதல் பெருந்தீங்காகும். அதனால் கையையும் கண்ணையும் இழக்க நேரும். அத்தகைய மருந்து வெடிமருந்துச் சட்டங்களுக்கும் உட்பட்டது. மேலும், தாம்பரம், பல்லாவரம், மீனம்பாக்கம் பகுதிகளில் விமானங்கள் தாழ்ந்து பறக்கின்றன. நாம் விளையாட்டாக ஏவும் ஒரு பொருள், பல உயிர்களைச் சுமந்துவரும் விமானத்திற்கு இடையூறாகலாம். ஆதலால் ராக்கெட்டை ஏவும் பணியை, உரிய அனுமதி பெற்று, ஊருக்கு அப்பால் திறந்த வெளியில், பயிற்சி பெற்ற பெரியோரே செய்தல் வேண்டும். மாணவர்கள் மருந்தின்றி, கையாலும் சிறிய ரப்பர்க் கயிற்றாலும் மைதானத்தில் தாழப் பறக்கவிட்டே இக்கலையின் பெரும்பகுதியைக் கற்றுக்கொள்ளலாம். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவிலும் மாதிரி விமானக் கலை பயிற்றப்படுகிறது.

சேலையூர்ச் சகோதரர்கள் முறிந்த இறக்கையை ஒட்டினர். பிசினால் அப்பக்கம் கனம் கூடியமையால் கிளைடர் இடப்புறமே சாய்ந்தது. வலப்பக்க நுனியில் சிறிது களிமண் வைத்துச் சமன் செய்தனர். ரப்பரை ஒரு சாண், ஒன்றரைச் சாண் எனச் சிறுகச் சிறுகக் கூட்டி இழுத்து, எவ்வளவு வேகம்வரை அது தாங்கும் என்பதை ஏட்டில் குறித்தனர். அவ்வேட்டின் முதல் வரியைத் தம்பியே எழுதினான். முறிந்த நாளின் கணக்கு அது.

இனிக் குரோம்பேட்டைக் கல்லூரிக்கு வருவோம். 1950களில் இராமேசுவரத்து இளைஞர் ஒருவர் அங்குச் சேர விரும்பினார். கட்டணத்திற்கு வழியில்லை. அவருடைய தமக்கையார் தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். கல்லூரியில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த, பணியினின்று நீக்கப்பட்ட இரண்டு விமானங்கள் அவ்விளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்தன. பிற மாணவர் விடுதிக்குத் திரும்பிய பின்னும் அவர் அவற்றின் அருகே நெடுநேரம் அமர்ந்திருப்பாராம். அவரே பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய ஆ. ப. ஜை. அப்துல் கலாம்.

இறுதியாண்டில் கலாமும் தோழர் சிலரும் தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வரைந்து அமைக்கும் பணியை ஏற்றனர். வேலை மந்தமாக நடப்பதைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாட்களுக்குள் வரைபடம் முடியாவிடின் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் கூறிவிட்டார். அத்தொகை இல்லையேல் கலாமுக்குப் படிப்பு இல்லை. அன்றிரவு அவர் உணவையும் மறந்து, உறக்கத்தையும் நீக்கி, வரைபலகையின் முன் நின்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பணி முடியும் தறுவாயில், பின்னால் வந்து நின்று பார்த்த பேராசிரியர், அவரை அன்போடு தழுவிக்கொண்டார். அக்கல்லூரித் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்துகொள்வோம் என்னும் கருத்தில் தமிழில் எழுதி, ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் கலாம் முதற்பரிசு பெற்றதும் நாம் மகிழத்தக்க செய்தியாகும்.

கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.3 என்னும் ராக்கெட், 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஏவப்பட்டபோது வங்கக் கடலில் விழுந்தது. பிழை எங்கே நேர்ந்தது என்பது ஆராயப்பட்டது, திருத்தப்பட்டது. 1980 ஜூலை 18ஆம் நாள் அது ரோகிணி என்னும் செயற்கைக்கோளை வானில் நிலைநிறுத்தியது. முறிந்த நாளின் கணக்கை எழுதத் தெரிந்தவர்க்கே இத்தகைய வெற்றி உரியது.

ஆயினும், அந்த ராக்கெட்டும் ஒரு வகையில் தீபாவளி வாணமே. மேலே சென்றது மீளவில்லை. சென்ற ராக்கெட் பருந்து போல் திரும்பி வருமாயின், அதனையே மறுபடியும் ஏவலாம். செலவும் பெரிதும் குறையும். இந்நோக்கத்தோடு இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம், ஏறத்தாழ 6.5 மீட்டர் நீளமுள்ள இறக்கை பொருந்திய ஊர்தி ஒன்றை அமைத்தது. 2016 மே 23ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டின்மேல் ஏறிச் சென்ற அது, பிரிந்து 65 கிலோமீட்டர் உயரம் வரை எழுந்து, பின் சறுக்கி இறங்கி வங்கக் கடலை அடைந்தது. தரையில் இறங்கக் கற்பதே அடுத்த பணி. புஷ்பக் என்று பெயர் பெற்ற ஊர்தியைக் கருநாடகத்தில் சித்திரதுர்க்கத்திற்கு அருகே ஹெலிகாப்டரால் 4.5 கிலோமீட்டர் உயரத்திற்குத் தூக்கிச் சென்று விடுத்தனர். ஓட்டுநர் எவரும் இன்றி, தானே வழியறிந்து, அது ஓடுபாதையில் இறங்கியது. 2023 ஏப்ரல் 2, 2024 மார்ச்சு 22, 2024 ஜூன் 23 ஆகிய மூன்று நாட்களிலும், கடினம் மிகுந்துகொண்டே சென்ற இச்சோதனை வெற்றி கண்டது.

சேலையூர் மைதானத்தில் அண்ணன் செய்ததும் இதுவே அன்றோ? அவன் ராக்கெட்டை முதலில் ஏவவில்லை. கையால் விட்டு இறக்கிப் பார்த்தான். விஞ்ஞானிகளும் அவ்வாறே உயரத்திலிருந்து விட்டு இறக்கிப் பார்த்தனர். ஒருவர் கையில் சில கிராம் பால்சா. மற்றவர் கையில் பெரும் எடையுள்ள ஊர்தி. முறை ஒன்றே.

விரைந்து ஏறுவதைக் கண்டு உலகம் வியக்கும். ஏறியதைச் சிதையாமல் இறக்குவதற்கோ அளந்து பார்க்கும் கண்ணும், ஒவ்வொன்றாக மாற்றும் பொறுமையும், பிழையை மறைக்காத நேர்மையும் வேண்டும். குன்றின்மேல் வட்டமிடும் பருந்தை அடுத்த முறை காணும்போது, மாணவர்களே, அது எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று மட்டும் பாராதீர்கள். எவ்வாறு இறங்குகிறது என்பதையும் உற்று நோக்குங்கள்.

வினாக்கள்

1. தீபாவளி வாணத்திற்கும் ராக்கெட் கிளைடருக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பால்சா மரத்தின் சிறப்புகளை எழுதுக.
3. ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்தல் வேண்டும் என்பது ஏன்?
4. தம்பி விடுத்த கிளைடர் வட்டமடித்து வீழ்ந்தமைக்குக் காரணம் கூறுக.
5. அம்பு பருந்தாக மாறும் முறையை விளக்குக.
6. முறிந்த நாளின் கணக்கு என்னும் தொடரின் கருத்தை, இப்பாடத்தில் வரும் இரு நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்குக.